எதிர்ச்சாரி ஓட்டு

அக்டோபரில் குருவானவர் வேறு ஊருக்குப் போனதிலிருந்து அந்த ஆங்கிலேய நகரத்துப் புனித பாட்டால்ஃப் கோயிலுக்குத் தலை இல்லை. புதியவரை இதோ அனுப்புகிறோம், அதோ அனுப்புகிறோம் என்று பேராயர் அலுவலகம் ஆறு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தது. குரு இல்லாத கோயிலில் சாவி யார் கையில் இருக்கிறதோ அவர்கள் வைத்ததுதான் சட்டம். இங்கே சாவி வருஷாவருஷம் ஓட்டில் தேர்ந்தெடுக்கப்படும் இரண்டு வார்டன்களிடம் இருந்தது. ஒருவர் சிரில் கிழவர். அவருக்குக் காது மந்தம், யார் எதைச் சொன்னாலும் சரி என்பார். இன்னொருத்தி ஹேசல் இபட்சன். நகரப் பேருந்து ஓட்டுகிறவள், ஐம்பத்துநான்கு வயது, வாய் கொஞ்சம் நீளம்.

அதிகாலை ஷிப்டு முடிந்ததும் ஹேசல் நேராகக் கோயிலுக்கு வருவாள். வாரநாட்களில் பதினோரு மணிக்குக் கதவு திறக்கும். வீட்டில் ஹீட்டர் போட வழியில்லாதவர்கள் உள்ளே வந்து, உருளைக்கிழங்கு சூப்பும் ரொட்டியும் சாப்பிட்டுவிட்டு, மூன்று மணிவரை உட்கார்ந்திருப்பார்கள். சீட்டாட்டம் நடக்கும், சண்டை நடக்கும், இரண்டு பேர் தவறாமல் குறட்டை விடுவார்கள். ஹேசலின் தம்பி ரெஜி நாலு தெரு தள்ளி ஓர் அறையில் செத்துப்போய் ஒன்பது நாள் யாருக்கும் தெரியாமல் கிடந்தவன். அந்த ஒன்பது நாளும் இந்தக் கோயில் பூட்டியே இருந்தது. அதை அவள் யாரிடமும் சொல்லி அழவில்லை. அடுத்த தேர்தலில் வார்டனாக நின்றாள், கதவைத் திறந்தாள்.

ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் பெர்னார்ட் ஸ்டானிஃபோர்த்துக்கு இது ஆகவில்லை. பிப்ரவரியில் பீடத்து வெள்ளி விளக்குத்தண்டுகள் இரண்டும் காணாமல் போயின. கோயிலின் பக்கவாட்டு ஜெப அறையில் யாரோ அசிங்கம் செய்துவிட்டுப் போனார்கள். அதைக் கழுவியது ஸ்டானிஃபோர்த்தான், அதுவும் முழங்கால் போட்டு. அந்த வாரமே, அடுத்த தேர்தலில் நானும் நிற்கிறேன், ஜெயித்தால் வாரநாட்களில் கதவு பூட்டியிருக்கும் என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டார். கெட்ட மனிதர் என்று சொல்லிவிட முடியாது. சொல்ல முடிந்திருந்தால் ஹேசலுக்கு வசதியாக இருந்திருக்கும்.

வார்டன் தேர்தலில் ஒரு பழைய விசித்திரம் உண்டு. கோயிலுக்கு வந்து போகிறவர்கள் மட்டுமல்ல, அந்தக் கோயிலின் சேகர எல்லைக்குள், அதாவது அதன் பொறுப்பில் உள்ள தெருக்களுக்குள், குடியிருக்கும் எவரும், எந்த மதமானாலும், மதமே இல்லாவிட்டாலும், வந்து ஓட்டுப் போடலாம். யாரும் வருவதில்லை என்பதால் அதை யாரும் மாற்றவும் இல்லை. ஹேசல் இதை நாசரிடம் சொன்னாள். நாசர் ஏமன்காரன், டாக்சி ஓட்டுகிறவன், மதியங்களில் வந்து ரொட்டி நறுக்கிக் கொடுப்பான்.

“என்னை மாதிரி ஆளுமா அக்கா? பள்ளிவாசல்ல சொன்னா விழுந்து விழுந்து சிரிப்பாங்க.”

“சிரிக்கட்டும். இங்க குடியிருக்கிற யாரு வேணா போடலாம். நீ ஆளைக் கூட்டிட்டு வா.”

ஏப்ரல் ஞாயிறு, ஆராதனை முடிந்ததும் கூட்டம். வேறு கோயிலிலிருந்து ரெவரண்ட் பிலிப்பா தலைமை தாங்க வந்திருந்தார். நாசர் சொன்ன சொல் தவறவில்லை. தெருவுக்கு எதிர்ச்சாரியில் இருக்கும் டானர் அடுக்குவீட்டிலிருந்து பதினேழு பேரைத் திரட்டிக்கொண்டு வந்திருந்தான். நல்ல சட்டை போட்டு, தலை வாரி, கல்யாண வீட்டுக்கு வந்தவர்களைப் போலப் பின் இருக்கைகளில் ஒட்டி ஒட்டி உட்கார்ந்திருந்தார்கள். ஹேசலுக்கு மனசு நிறைந்துபோனது.

வந்தவர்கள் பெயரும் முகவரியும் எழுதிய தாள் கைமாறி அவளிடம் வந்தது. டானர் அடுக்குவீடு, டானர் அடுக்குவீடு என்று பதினேழு வரி. மூன்றாவது வரியிலேயே அவள் விரல் நின்றது.

போன வருஷம் அதே அடுக்குவீட்டிலிருந்து ஒரு ஜோடி, ஆராதனையில் தங்கள் கல்யாண அறிவிப்பு ஓலையை வாசிக்கச் சொல்லி வந்தது. அப்போது குருவானவர் உள்ளறையில் மாட்டியிருந்த எல்லைப் படத்தைக் காட்டினார். கோடு தெருவின் நட்டநடுவே ஓடியது. கோயில் இருக்கும் சாரி இந்தச் சேகரம், எதிர்ச்சாரி அடுத்த சேகரம். கோயில் வாசலில் நின்று கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் இருந்த அந்த ஜோடியின் ஓலையை இரண்டு மைல் தள்ளியிருந்த கோயிலில்தான் வாசித்தார்கள். அவர்களை அனுப்பிவைத்தவளே ஹேசல்தான். சூப் ஊற்றும்போது யாரும் எல்லை பார்ப்பதில்லை. அந்தப் பழக்கத்தில் இதை அடியோடு மறந்து போயிருந்தாள்.

ஸ்டானிஃபோர்த் எழுந்தார். “ரெவரண்ட், தப்பா நினைக்கக் கூடாது. பின்னாடி உட்கார்ந்திருக்கவங்கள்ல ஒருத்தரைக்கூட நான் ஆராதனையில பார்த்ததில்ல.”

“பார்க்கணும்னு சட்டம் இல்லீங்களே. சேகரத்துக்குள்ள வீடு இருந்தாப் போதும்,” என்றார் பிலிப்பா.

“சரி. இருக்கான்னு யாராவது பார்த்தீங்களா? உள்ள எல்லைப் படம் இருக்கு. ஒரு நிமிஷம், எடுத்துட்டு வந்துடறேன்.”

“அதுக்கென்ன, வார்டன் இங்கேயே இருக்காங்க.” பிலிப்பா ஹேசல் பக்கம் திரும்பினார். சிரிலைக் கேட்டுப் பயனில்லை என்று அதற்குள் அவருக்கும் தெரிந்திருந்தது. “ஹேசல், இவங்க எல்லாரும் நம்ம சேகரம்தானே?”

இல்லை என்றால் பதினேழு பேரும் எழுந்து வெளியே போக வேண்டும். மிச்சம் இருப்பவர்களில் தனக்கு எத்தனை கை என்பதை ஹேசல் எப்போதோ விரல் விட்டு எண்ணியிருந்தாள். நாளையே கதவுக்குப் பூட்டு விழுந்துவிடும். அடுத்த ரெஜி எந்த அறையில் கிடப்பானோ. பின் இருக்கையில் நாசர் முதுகை நிமிர்த்தி, அவளைப் பார்த்துச் சிரித்தான். அவள் தாளை இரண்டாக மடித்தாள்.

“ஆமா,” என்றாள். “எல்லாரும் நம்ம ஆளுங்கதான்.”

ஸ்டானிஃபோர்த் உள்ளறைப் பக்கம் பாதி தூரம் போயிருந்தார். நின்றார். பிறகு திரும்பி வந்து தம் இடத்தில் உட்கார்ந்தார்.

“ஹேசல் சொன்னாப் போதும். படம் வேண்டாம்.”

இரண்டு வார்டன் இடம், ஆளுக்கு இரண்டு ஓட்டு. ஒன்று வழக்கம்போலச் சிரிலுக்கு விழுந்தது. இன்னொன்றில் ஹேசலுக்கு இருபத்தொன்பது, ஸ்டானிஃபோர்த்துக்கு இருபத்துநாலு. பின்னால் கைதட்டினார்கள். ஹேசல் தட்டவில்லை, சிரிக்கவும் இல்லை. களைப்பு என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள்.

மறுநாள் பத்தரை மணிக்கு அவள் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தபோது பக்கவாட்டுக் கதவு திறந்தது. ஸ்டானிஃபோர்த். கையில் வீட்டிலிருந்து கொண்டுவந்த சமையல் ஏப்ரன்.

“என்ன பார்க்கிறீங்க? ஓட்டுல தோத்தா தோத்ததுதான். சும்மா வீட்ல உட்கார்ந்து முணுமுணுத்துட்டு இருக்க நான் என்ன சின்னப் பிள்ளையா? கத்தியைக் கொடுங்க.”

அவர் நன்றாக உரித்தார், தோல் ஒரே சுருளாக வந்தது. என் பக்கத்து ஆட்கள் சிலருக்குக் கோபம், மறுதேர்தல் கேட்கலாம் என்றார்கள், ஹேசல் வாயிலிருந்து வந்தால் அது உண்மை, வாயை மூடுங்கள் என்று சொல்லிவிட்டேன் என்றார். சாதாரணமாகத்தான் சொன்னார். ஹேசல் கையிலிருந்த கிழங்கைக் கீழே வைத்தாள்.

“பெர்னார்ட், அவங்க நம்ம சேகரம் இல்ல.”

“யாரு?”

“அந்தப் பதினேழு பேரு. கோடு தெரு நடுவுல போகுது. எனக்குத் தெரியும். நீங்க படம் எடுக்கப் போனப்பவே தெரியும்.”

அவர் உரிப்பதை நிறுத்தவில்லை. அந்தக் கிழங்கு முடிந்ததும் கத்தியைத் துடைத்து வைத்தார். முகம் சிவந்தது, சிவப்பு கழுத்துவரை இறங்கியது.

“இத ஏன் என்கிட்ட சொன்னீங்க?”

“மனசு தாங்கல.”

“உங்க மனசு லேசாயிடுச்சு. நல்லது. நான் என்ன பண்ணணும் இப்ப? பேராயருக்கு ஒரு கடிதாசு போட்டா இந்த வாரமே பூட்டிடலாம். வெளிய நிக்கிறாங்களே, அவங்க மூஞ்சியைப் பார்த்துட்டு நான்தான் பூட்டணும். போடலன்னா உங்க பொய்யில எனக்கும் பாதி. நேத்து ராத்திரி நிம்மதியாத் தூங்கினேன், ஹேசல். தோத்துட்டும் தூங்கினேன்.”

மன்னிப்புக் கேட்க வாயெடுத்தாள். அது அவளுக்கே சல்லித்தனமாகப் பட்டது.

பதினோரு மணி ஆனது. வெளியே மழை, யாரோ கதவைத் தட்டினார்கள். ஸ்டானிஃபோர்த் ஏப்ரனை அவிழ்த்து மடித்து மேசைமேல் வைத்தார். நடுக்கூடம் வழியாக நடந்து போய்ப் பெரிய கதவின் தாழ்ப்பாளை நீக்கி இரண்டு பக்கமும் விரியத் திறந்தார். முதல் ஆளாக நாசர் நின்றான்.

“சார், நேத்து எங்க மேல கோவமா?”

“உங்க மேல என்ன கோவம் தம்பி. நனையாதீங்க, உள்ள வாங்க.”

கடைசிக் கிழவி சக்கரவண்டியைத் தள்ளிக்கொண்டு உள்ளே வரும்வரை கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு தொப்பியைப் போட்டுக்கொண்டு மழையில் இறங்கிவிட்டார். ஹேசல் சூப் கரண்டியோடு வாசல்வரை ஓடி, “பெர்னார்ட்” என்று கூப்பிட்டாள். அவர் திரும்பவில்லை.

எந்தக் கடிதமும் பேராயருக்குப் போகவில்லை. ஆனால் அவர் ஞானஸ்நானம் வாங்கிய நாள்முதல் அவர் குடும்பம் உட்கார்ந்த மூன்றாவது வரிசை அடுத்த ஞாயிறு காலியாகக் கிடந்தது. அதற்கடுத்த ஞாயிறும் அப்படியே. உடம்புக்கு ஏதாவதா, உனக்குத் தெரியுமா என்று சிரில் கிழவர் அவள் காதருகே வந்து உரக்கக் கேட்டார்.

தெரியாது என்றாள் ஹேசல். அந்தக் கோயிலுக்குள் அவள் சொன்ன இரண்டாவது பொய் அது.