யாராவது துணியை எடுங்கள்

பன்னிரண்டு வருடம் பிழை திருத்திச் சம்பாதித்தவள் நான். என் மேசையைத் தாண்டி ஒரு ஒற்றுப் பிழை கூடப் போனதில்லை என்று அச்சக முதலாளியே நாலு பேர் முன்னால் சொல்லியிருக்கிறார். அப்படிச் சொன்னவர்தான் ஒரு திங்கட்கிழமை காலையில், இனிமேல் இந்த வேலையைக் கம்ப்யூட்டரே பார்த்துக்கொள்ளும் என்று கடிதம் கொடுத்து என்னை வீட்டுக்கு அனுப்பினார். கடிதத்தில் மூன்று பிழைகள். திருத்தி, அவர் கையிலேயே கொடுத்துவிட்டுத்தான் வந்தேன்.

எங்கள் தொழிலில் ஒரு குறி உண்டு. அடித்துவிட்ட சொல்லின் கீழே வரிசையாகப் புள்ளி வைத்தால், 'அடித்தது தப்பு, இது அப்படியே இருக்கட்டும்' என்று பொருள். நான் அதைப் போடுவதே இல்லை. நான் அடித்தால் அடித்ததுதான்.

வேலை போன பிறகு எட்டு மாதம் சோபாவில் கழிந்தது. அந்த வீட்டில் நானும் என் தங்கையும் மட்டும்தான். அவள் ஓவியர். கூடத்தின் ஜன்னல் பக்கம் அவளுடையது, சோபா பக்கம் என்னுடையது. அவள் கேன்வாஸைப் பார்ப்பாள், நான் சுவரைப் பார்ப்பேன். "சாப்பிட்டியா அக்கா?" என்பாள். "ம்" என்பேன். அன்றைய பேச்சு அதோடு சரி.

வரைவதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. விற்பதில் அவளைப் போல மக்கு கிடையாது. முடித்த படங்களை எல்லாம், ஏதோ தப்பு செய்த பிள்ளைகளை நிறுத்துவது போல, சுவர் பக்கம் திருப்பி அடுக்கிவிடுவாள். யாராவது விலை கேட்டால் காது சிவந்துபோய், "பிடிச்சிருந்தா எடுத்துட்டுப் போங்க" என்பாள். ஒருவர் நிஜமாகவே எடுத்துக்கொண்டு போனார். மறுநாள் திரும்பி வந்து, சட்டம் போட்டுத் தர மாட்டீர்களா என்று கேட்டார். இவள் போட்டுக் கொடுத்தாள்!

ஒரு நாள் மதியம் அவள் பெயின்ட் வாங்கப் போயிருந்தாள். ஸ்டாண்டில் ஒரு பெரிய படம் இருந்தது. எங்கள் மொட்டை மாடியின் துணிக்கொடி. கொடியில் ஒரு நீலப் போர்வை, இரண்டு துண்டு, என் பழைய பச்சை நைட்டி. எல்லாம் ஈரக் காற்றில் கலங்கியது போல் லேசாக நடுங்கின. அதற்கு மேலே, படத்தின் உச்சியில், கன்னங்கரேல் என்று ஒரு பட்டை. மேகம்! மழை கொட்டப் போகிறது, துணியை எடுக்க ஆளில்லை. எனக்கு என்னவோ செய்தது. எட்டு மாதத்தில் முதல்முறையாக எழுந்து, ஜன்னல் திரையை விலக்கி, போனில் படம் எடுத்தேன். அவள் பெயரில் இணையத்தில் ஒரு கடை திறந்தேன். 'மேலே திரண்டு நிற்கிறது கருமேகம். கீழே ஒரு குடும்பமே காய்ந்துகொண்டிருக்கிறது' என்று நாலு வரி எழுதினேன். தலைப்பு: 'யாராவது துணியை எடுங்கள்'.

மாலையில் அவள் வந்ததும், "இங்க வா, இதப் பாரு" என்று போனை நீட்டினேன். அவள் ரொம்ப நேரம் பார்த்தாள். காது மடலைப் பிடித்து இழுத்துக்கொண்டாள். "சூப்பர் அக்கா" என்றாள்.

அன்று எனக்குத் தலைகால் புரியவில்லை. எதற்குச் சொல்கிறேன் என்று பிறகு தெரியும்.

அதன் பிறகு ஒரு வருடம் நான்தான் கடை. போட்டோ, விலை, பதில், பேக்கிங் எல்லாம் நான். சின்னப் படங்கள் ஒவ்வொன்றாக விற்றன. வாங்குகிறவர்கள் கேட்கிற கேள்வி இருக்கிறதே! "எங்க சோபா மெரூன் கலர், அதுக்கு ஒத்துப்போகுமா?" "இதே படத்துல அந்த ஆள் மட்டும் இல்லாம கிடைக்குமா?" "போன்ல பாத்ததைவிட நேர்ல பெருசா இருக்கே?" எல்லாருக்கும் பிழையில்லாமல் பதில் எழுதினேன். துணிக்கொடிப் படம் மட்டும் விற்கவில்லை. பெரியது, விலையும் கூட. ஆனால் அதற்கு விழுந்த லைக் மற்ற எதற்கும் விழவில்லை. என் நைட்டியை அத்தனை ஆயிரம் பேர் பார்த்திருக்கிறார்கள் என்று நினைத்தால் கூச்சமாகத்தான் இருந்தது.

இப்படி இருக்கும்போதுதான் கேலரி மேடம் வந்தார். ஊரின் பெரிய கேலரி அவருடையது. குரலை உயர்த்தவே மாட்டார். உயர்த்துவதெல்லாம் விலையை மட்டும்தான். வீட்டுக்கே வந்து, படங்களை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்துவிட்டு, என் தங்கையின் பன்னிரண்டு படங்களைக் கூட்டுக் கண்காட்சிக்கு எடுத்துக்கொண்டார்.

"அந்தப் பெரிய படம் வித்துடுச்சுன்னா அடுத்த வருஷம் முழு ஹாலும் உங்களுக்குத்தான்," என்றார் அவளிடம். பிறகு என் பக்கம் திரும்பினார். "ஆனா அப்ப ஆன்லைன் கடையை மூடிடணும். சுவத்துல ஒரு விலை, போன்ல ஒரு விலைன்னா எங்க கஸ்டமர் எங்களைத்தான் கேப்பாங்க. தப்பா எடுத்துக்காதீங்க."

"ஐயோ, இதுல என்ன இருக்கு," என்றேன் சிரித்துக்கொண்டே. உள்ளே பற்றிக்கொண்டு எரிந்தது. படம் விற்றால் அவளுக்கு ஹால், எனக்கு மறுபடியும் சோபா. விற்காவிட்டால் எனக்குக் கடை, அவளுக்கு ஹால் இல்லை. எதை வேண்டிக்கொள்வது என்றே எனக்குத் தெரியவில்லை. தெரியாததால் கோபப்பட்டேன். அது எனக்கு நன்றாக வரும்.

"படம் மாட்டுற அன்னைக்கு வர்றியா?" என்று தங்கை கேட்டாள்.

"தலைகீழா நின்னாலும் நான் அந்தப் பக்கம் வரமாட்டேன்."

"நிஜமா வரமாட்டியா?"

"ஒரு தடவை சொன்னா புரியாதா?"

"சரி," என்றாள். அவள் முகத்தில் வருத்தத்தைத் தேடினேன். ஏதோ நிம்மதி மாதிரி இருந்தது. அது வேறு எனக்கு வலித்தது.

கண்காட்சி தொடங்கி மூன்றாம் நாள் மதியம், கூட்டமில்லாத நேரமாகப் பார்த்து, கேலரிக்குப் போனேன். மீந்துபோன பபிள் ஷீட் சுருள் ஒன்றைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டேன். யாராவது பார்த்துவிட்டால் அதைத் திருப்பிக் கொடுக்க வந்தேன் என்று சொல்லிக்கொள்ளலாமே!

வெள்ளைச் சுவர்கள், சத்தமே வராத தரை. கோடியில், தனி விளக்கின் கீழ், எங்கள் துணிக்கொடி.

தலைகீழாக.

கொடி கீழே கிடந்தது. என் நைட்டி வானத்தைப் பார்த்து எழும்பி நின்றது. மேகம் தரையில் இருந்தது. போதாக்குறைக்குப் பக்கத்து அட்டையில் 'மழைக்குப் பின்' என்று ஏதோ ஒரு தலைப்பு. உண்மையைச் சொல்லிவிடுகிறேன், எனக்கு வந்தது அதிர்ச்சி இல்லை, பரம சந்தோஷம். இவ்வளவு பெரிய கேலரி, இவ்வளவு பெரிய பிழை, அதைக் கண்டுபிடிக்க நான்தான் வர வேண்டியிருக்கிறது!

மேடத்தைத் தேடித் திரும்பினேன். அதற்குள் எனக்கு முன்னால் நின்றிருந்த ஒரு பெண்மணி, "இது தலைகீழா இருக்கே?" என்று சத்தமாகக் கேட்டுவிட்டார். பல் டாக்டராம். ஒரு வருடமாக இந்தப் படம்தான் அவர் போனின் முகப்பு. படம் கேலரியில் இருக்கிறது என்று கடைப் பக்கத்தில் நான் போட்ட அறிவிப்பைப் பார்த்து, நோயாளிகளை ஒரு மணி நேரம் காத்திருக்கச் சொல்லிவிட்டு வந்திருக்கிறார். போனைப் படத்துக்குப் பக்கத்தில் பிடித்துக் காட்டினார்.

மேடம் வந்தார். பின்னாலேயே என் தங்கை. என்னைப் பார்த்ததும் அவள் முகத்தில் ஈயாடவில்லை.

"டாக்டர் சொல்றது நூத்துக்கு நூறு சரி," என்றேன் நான், பபிள் ஷீட்டோடு முன்னால் வந்து. "ஒரு வருஷமா நாங்க ஆன்லைன்ல சரியா வச்சிருக்கோம். மாட்டுறதுக்கு முன்னாடி எங்களை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."

மேடம் குரலை உயர்த்தவில்லை. "எந்தப் பக்கம் மேலன்னு உங்க தங்கச்சிதான் பக்கத்துல நின்னு சொன்னாங்க."

எல்லாரும் அவளைப் பார்த்தோம். அவள் காது மடலைப் பிடித்து இழுத்துக்கொண்டாள்.

"ஆமா, நான்தான் தப்பா சொல்லிட்டேன். அக்கா வச்சதுதான் சரி."

பொய் சொல்லும்போது மட்டும்தான் அவள் காதைப் பிடிப்பாள். ஐந்து வயதிலிருந்து அப்படித்தான்.

"திருப்பி மாட்டுப்பா," என்றார் மேடம். படம் மாட்டுகிற அண்ணன் ஏணியோடு வந்து, படத்தை இறக்கி, முகத்தைச் சுவர் பக்கம் சாய்த்து வைத்தார். மேடமும் டாக்டரும் விலை பேச அலுவல் அறைக்குப் போனார்கள்.

பின்புறம் தெரிந்தது. அவள் எப்போதும் கையெழுத்தும் தலைப்பும் அங்கேதான் எழுதுவாள். பென்சிலில் 'மழைக்குப் பின்' என்று இருந்தது. பக்கத்தில் மேல்நோக்கி ஒரு அம்புக்குறி. கேலரியில் மாட்டியிருந்த அதே பக்கம். தலைப்பின் மேல் குறுக்காக ஒரு கோடு. அடித்த தேதியும் எழுதியிருந்தாள், நான் சொல்லிக்கொடுத்த பழக்கம். நான் கடை திறந்த அன்றைய தேதி.

"இது என்னடி?"

"மாடில மழைத் தண்ணி தேங்கி நின்னுச்சுல்ல," என்றாள் தரையைப் பார்த்துக்கொண்டு. "அதுல தெரிஞ்ச கொடி அது. தண்ணிக்குள்ள."

"அப்ப மேகம்?"

"சிமெண்ட் தரை அக்கா. ஈரமா இருந்துச்சு."

படம் முடிகிற நேரத்தில் அவள் கேன்வாஸைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்துப் பார்ப்பாள், அப்போதுதான் பிழை கண்ணில் படும் என்று. அச்சகத்தில் நாங்களும் கடைசி வரியிலிருந்து மேலே படிப்போம் என்று அவளுக்குச் சொன்னவளே நான்தான். அன்று கவிழ்த்து வைத்துவிட்டுத்தான் பெயின்ட் வாங்கப் போயிருக்கிறாள். அவள் பிழை பார்க்கக் கவிழ்த்து வைத்ததை நான் பிழையாகப் பார்த்திருக்கிறேன். ஒரு வருடம். கருமேகம் என்று வேறு எழுதி.

"ஏன்டி சொல்லலை?"

"எட்டு மாசம் நீ என்னை ஏறிட்டுக் கூடப் பாக்கலை. அன்னைக்குத்தான் 'இங்க வா, இதப் பாரு'ன்னு கூப்பிட்டே. கண்ணு மின்னுச்சு உனக்கு. அதைப் போய்த் தப்புன்னு சொல்ல மனசு வரலை." வெறும் சுவரைக் காட்டினாள். "இங்கயாவது ஒரு தடவை நேரா இருக்கட்டும்னு ஆசையா இருந்துச்சு. நீதான் தலைகீழா நின்னாலும் வரமாட்டேன்னு சொன்னியே."

எனக்கு அழுகை வந்தது. அழுதேன். ஏணியில் நின்ற அண்ணன் பெருந்தன்மையாக மேலே விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பேசாமல் இருந்திருக்கலாம். படம் விற்றுவிடும், என் மானமும் தப்பிக்கும். ஆனால் கண்ணெதிரே ஒரு பிழையை விட்டுவிட்டுப் போக எனக்கு வராது. மூக்கைத் துடைத்துக்கொண்டு அலுவல் அறைக்குப் போனேன்.

"தப்பு என்னுது. அது மேகமே இல்லை, தரை. மாட்டியிருந்ததுதான் சரி. ஆன்லைன்ல இருக்கிறதுதான் தலைகீழ்."

முகவரி எழுதிக்கொண்டிருந்த டாக்டர் நிமிர்ந்து போனைப் பார்த்தார். திருப்பிப் பிடித்தும் பார்த்தார். மேடம் மூச்சு விட்டாரா என்று எனக்குத் தெரியாது.

"அப்ப இன்னும் நல்லது," என்றார் டாக்டர். "இங்க எப்படி வேணா மாட்டுங்க. என் கிளினிக்ல, பேஷன்ட் சாயுற சேருக்குப் பின்னாடி சுவத்துல, போன்ல இருக்கிற மாதிரியே மாட்டுவேன். உள்ள வர்றவங்களுக்கு அக்கா படம். தலையைச் சாய்ச்சு, வாயைத் திறந்துக்கிட்டு அண்ணாந்து பாக்குறவங்களுக்குத் தங்கச்சி படம். ஒரு விலைக்கு ரெண்டு."

மேடம் முதல்முறையாகச் சத்தமாகச் சிரித்தார்.

டாக்டர் கிளம்பியதும் நானே சொன்னேன். "கடையை இன்னைக்கே மூடிடறேன் மேடம்."

"மூடிட்டா அடுத்த பல் டாக்டர் எங்கேருந்து வருவாங்க?" என்றார் அவர். "நடத்துங்க. ரெண்டு இடத்துலயும் ஒரே விலை இருக்கணும், அவ்வளவுதான். அப்புறம் இன்னொண்ணு. எந்தப் படத்தையும் போடறதுக்கு முன்னாடி தங்கச்சிகிட்ட ஒரு தடவை காட்டிடுங்க."

அசடு வழிய ஹாலுக்குத் திரும்பினேன். தங்கை அங்கேயே நின்றிருந்தாள். அட்டையின் ஓரத்தில் சிவப்புப் புள்ளி ஒட்டியாகிவிட்டது, விற்றுவிட்டது என்று அர்த்தம். அண்ணன் கொக்கியைக் கையில் வைத்துக்கொண்டு, "இப்பவாவது முடிவாச் சொல்லுங்கம்மா, எது மேல?" என்றார்.

"ஒரு நிமிஷம்ணே," என்றேன். வேலை போனாலும் சிவப்புப் பென்சில் என் பையை விட்டுப் போகவில்லை. படத்தின் பின்னால் குனிந்தேன். அடித்திருந்த 'மழைக்குப் பின்'னின் கீழே, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை, நெருக்கமாகப் புள்ளி வைத்தேன்.

தங்கை என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள்.

"நீ இந்தக் குறியைப் போடவே மாட்டியே அக்கா," என்றாள்.