மேட்ரனுக்கு யாருமில்லை

வெள்ளைச் செவ்வந்தியில் ‘மேட்ரன்’ என்று கட்டியிருந்த எழுத்துகளைச் சவப்பெட்டியின் மேல் சரிசெய்துகொண்டிருந்த ஆள், பெவர்லியின் கையிலிருந்த மஞ்சள் டாஃபடில் பூங்கொத்தைப் பார்த்தார்.

“இத எங்க வைக்கிறதும்மா? மேல இடமில்லையே.”

“கால்மாட்டுல வைங்க.”

பள்ளிக்கூடத்துத் தேவாலயம் நிரம்பி வழிந்தது. விடுதிப் பிள்ளைகள் முன்னால், தினமும் வீட்டிலிருந்து வந்துபோகும் பிள்ளைகள் பின்னால். பெவர்லிக்கு ஐந்தாவது வரிசையில் ஓர் ஓரம் கிடைத்தது.

அம்மா மேவிஸ் இங்கே பெண்கள் விடுதியில் முப்பத்தோரு வருஷம் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட மேட்ரன். வேலையோடு மாடியில் ஓர் அறை கொடுத்தார்கள். அதில் இரண்டு வருஷம் பெவர்லியும் ஒண்டிக்கொண்டிருந்தாள். அறை ஒரு ஆளுக்குத்தான் என்று நிர்வாகம் சொன்னபோது அவளுக்கு வயது ஏழு. அம்மா மறுபேச்சுப் பேசாமல் அவளை லெஸ்டர் நகரத்தில் சித்தி வீட்டில் கொண்டுபோய் விட்டாள். அதற்குப் பிறகு அவளுக்கு அம்மா என்றால் விடுமுறைதான்.

போன மாதம் விடுதி முழுக்கக் காய்ச்சல். இருமலுக்கு நடுவே அம்மா போனில் பேசினாள்.

“நான் வரேம்மா.”

“இப்ப எதுக்குடி? பதினெட்டுப் பிள்ளைங்க படுத்துக் கிடக்குதுங்க. லீவு விடட்டும், வா.”

லீவு விடுவதற்குள் அம்மாவையே ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்து பெவர்லி போய்ச் சேர்ந்தபோது மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. கையைப் பிடித்தாள். அம்மா கண்ணைத் திறந்து அவளையே பார்த்தாள்.

“இமோஜென் சூப் குடிச்சாளா?”

இமோஜென் யாரென்று பெவர்லிக்குத் தெரியாது.

“குடிச்சாம்மா,” என்றாள்.

அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு பேசவில்லை.

தலைமையாசிரியர் பேச எழுந்தார். இந்தப் பள்ளிக்கு வந்து மூன்றே வருஷம் ஆனவர்.

“மேட்ரனுக்குன்னு யாரும் கிடையாது. நாமதான் அவங்க குடும்பம். இங்க இருக்கிற ஒவ்வொரு பிள்ளையும் அவங்க பிள்ளைதான்.”

முன்வரிசைகளில் விசும்பல் கேட்டது. எழுந்து நின்றுவிடலாமா என்று பெவர்லிக்குக் கால் துடித்தது. அதற்குள் அடுத்த பாட்டுக்கு எல்லோரும் எழுந்தார்கள். அவளும் எழுந்தாள்.

அடக்கம் முடிந்து கூடத்தில் தேநீர் கொடுத்தார்கள். தலைமையாசிரியரின் மனைவி சாண்ட்விச் தட்டோடு வந்தாள்.

“நீங்களும் மேட்ரன் வளர்த்த பொண்ணுதானா?”

“இல்லங்க. பெத்த பொண்ணு.”

தட்டு நீட்டியபடியே நின்றது. அவள் போய்க் கணவனை அழைத்து வந்தாள். அவர் முகம் காது வரை சிவந்திருந்தது.

“மன்னிச்சுக்கங்க. யாருமே சொல்லலை. மேட்ரன்கூட ஒரு நாளும் சொன்னதில்லையே.”

“சொல்லியிருக்க மாட்டாங்க.”

“இது உங்க வீடு மாதிரிங்க. எப்ப வேணும்னாலும் வரலாம்.” கொஞ்சம் தயங்கினார். “அப்புறம்… அந்த ரூம். திங்கக்கிழமை புது மேட்ரன் வராங்க.”

“வெள்ளிக்கிழமையே காலி பண்ணிடறேன்.”

தேநீரை அப்படியே வைத்துவிட்டு எல்லோருக்கும் முன்னால் காரில் கிளம்பினாள். மரவரிசை முடியும் இடத்தில், வரும்போது திறந்திருந்த இரும்புக் கேட் இப்போது சாத்தியிருந்தது. பக்கத்துக் கம்பத்தில் எண்கள் போட்ட சின்னப் பெட்டி. எந்த எண்ணை அழுத்தினால் கேட் திறக்கும் என்று அவளுக்குத் தெரியாது. பின்னால் வேறு வண்டி எதுவும் வரவில்லை. எஞ்சினை அணைத்தாள். தூறல் விழத் தொடங்கியது. உள்ளே போகிறவர்களோ வெளியே போகிறவர்களோ யாராவது வரட்டும் என்று, கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.