மிதுனாவின் பார்வையாளர்

கரூரில் கல்லூரியில் சேர விரும்பும் பிள்ளைகள், தங்கள் யூடியூப் சேனலின் பார்வையாளர்களை நேர்காணலுக்குக் கையோடு கூட்டிவர வேண்டும். மதிப்பெண்ணை எல்லோரும்தான் வாங்கிவிடுகிறார்களே! அதனால் மே மாதம் வந்தால் கல்லூரி வாசலில் வேன்களும் லாரிகளும் பார்வையாளர்களை இறக்கிக்கொண்டே இருக்கும். மதியம் அவர்களுக்குத் தக்காளி சாதம் உண்டு.

மிதுனாவின் பார்வையாளர்கள் ஒரே ஷேர் ஆட்டோவில் வந்துவிட்டார்கள். அதிலும் இடம் மிச்சம்.

அவள் சேனலின் பெயர் 'தொட்டி நிரம்புது'. மொட்டைமாடித் தொட்டியில் தண்ணீர் ஏறி வழிகிறவரை படம் பிடித்துப் போடுவாள். கீழிருந்து அம்மா "மோட்டார நிறுத்துடி" என்று கத்தியதும் படம் முடியும். பக்கத்து வீட்டுப் பெண் பரதம் ஆடிப் போட்டாள். மிதுனாவுக்கு ஆட வராது, பாட வராது, சமையலில் வெந்நீர் வரைக்கும் வரும். சரி, தண்ணீர்தான் நமக்குக் கைகொடுக்கும் என்று முடிவுகட்டினாள். தன் படத்தை வேகமாக முன்னால் ஓட்டிவிடாமல் ஒருநாளும் அவளாலேயே பார்க்க முடிந்ததில்லை.

உளவியல் படிப்பில் இடம் கிடைக்காவிட்டால் மாமாவின் கொசுவலைக் கடையில் வலை மடிக்கப் போக வேண்டும். மாமா அவளுக்கென்று ஸ்டூல்கூட வாங்கிப் போட்டுவிட்டார்.

நேர்காணலில் பேராசிரியர் ஒருவர் முதலில் அம்மாவைக் கேட்டார். "மகள் வீடியோ எப்படிங்க?"

"நல்லா இருந்துச்சுங்க."

"என்ன நல்லா இருந்துச்சு?"

அம்மா மகளைத் திரும்பிப் பார்த்தாள். "டிரெஸ்ஸுங்க."

மாமா கேள்வி வருமுன்பே கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் எதற்கும் அவர் அதைத்தான் போடுவார், சாவுச் செய்திக்கும்.

மூன்றாவது ஆளை மிதுனா அன்றுதான் நேரில் பார்க்கிறாள். பெயர் தெய்வசிகாமணி, ஐம்பது வயதிருக்கும். குளித்தலையில் லாரி எடைமேடையில் வேலை.

"மாசியில போட்டதுல தண்ணி தயங்கித் தயங்கித்தான் ஏறுச்சுங்க" என்றார் அவர். "கரண்ட்டு கம்மி போல. நிரம்பாமயே போயிருமோன்னு எனக்குக் கை காலெல்லாம் ஓடல. நிரம்புனப்பறந்தான் சோறே எறங்குச்சு."

மிதுனாவுக்குக் கண் கலங்கிவிட்டது. தன் படத்தில் இவ்வளவு நடந்தது அவளுக்கே தெரியாது.

பேராசிரியர்கள் கூடிப் பேசினார்கள். பாடத்துக்கு வெளியே ஒரு திறமையை வளர்த்துக்கொண்டவர் தெய்வசிகாமணிதான், ஆகவே இடம் அவருக்கே என்று அறிவித்தார்கள். எல்லோரும் கைதட்டினார்கள். மிதுனாவும் தட்டினாள். பேராசிரியர் நாற்காலியில் அவளே உட்கார்ந்திருந்தாலும் அவருக்குத்தான் கொடுத்திருப்பாள். ஆனாலும் அழுதுகொண்டே தட்டினாள்.

தெய்வசிகாமணி அன்றே விடுதியில் சேர்ந்தார். அதற்காக எடைமேடையைக் காலியாகப் போட்டுவைக்க முடியுமா? அவருடைய தூக்குவாளியை வாங்கிக்கொண்டு மிதுனா குளித்தலை பஸ் ஏறினாள். இருட்டுகிறவரை லாரிகளை எடைபோட்டுவிட்டு, அவர் சொன்ன வழியில் நடந்து அவருடைய வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தாள்.

கதவைத் திறந்த அவர் மனைவி தூக்குவாளியை வாங்கிக்கொண்டார்.

"ஏங்க, கறிவேப்பிலை வாங்கியாரச் சொன்னேனே?"

"மறந்துட்டேன்" என்றாள் மிதுனா, செருப்பைக் கழற்றியபடி.