ஐந்து போடக் கூடாது

மெக்கானிக் ஐந்துதான் போட நினைத்தார். படிவத்தில் அதற்கு இடமில்லை.

பஸ் டெப்போவின் சாப்பாட்டு அறையில் ஏழு பேர் கூடியிருந்தார்கள். போன வாரம் வாசல் தூணில் வண்டியை உரசிய டிரைவரை ஸ்டியரிங்கை விட்டு இறக்குவதா, ஓய்வு பெற இருக்கிற இரண்டு வருஷமும் ஓட்டவிடுவதா என்பதுதான் பேச்சு. அந்த டிரைவர் மெக்கானிக்கின் அக்கா புருஷன். முன்பெல்லாம் இப்படி ஒன்று வந்தால் டீயைக் குடித்து, ஆளைக் கூப்பிட்டு நாலு திட்டுத் திட்டி முடித்துவிடுவார்கள். இப்போது மேனேஜர் ஒரு படிவம் கொண்டுவந்திருந்தார். மனுஷனுக்குத்தான் ஓரவஞ்சனை உண்டாம், படிவத்துக்குக் கிடையாதாம்.

"இறக்க வேணாம்னா பூஜ்யம், கண்டிப்பா இறக்கணும்னா பத்து. அஞ்சு மட்டும் போடக் கூடாது. ஏதாவது ஒரு பக்கம் நிக்கணும்," என்றார் மேனேஜர்.

நாலு போட்டால் அக்கா புருஷனுக்குச் சப்பைக்கட்டு கட்டுகிறான் என்பார்கள். மெக்கானிக் ஆறு போட்டார். இன்னும் மூன்று பேர் ஆறு, மீதி மூன்று பேர் நாலு. ஒரே பெஞ்சில் உட்கார்ந்து பேசித் தீர்த்திருக்கலாம். ஆனால் படிவப்படி ஆறு போட்டவர்கள் ஜன்னலோரம் போனார்கள், நாலு போட்டவர்கள் கதவோரம். ஒவ்வொருவரும் ஒரு காரணம் எழுத வேண்டும். அடுத்தவர் எழுதியதையே எழுதக் கூடாது.

டயர்க்காரர் தூணை எழுதினார். செக்கர் வயதை எழுதினார். டைம்கீப்பர், பள்ளிப் பிள்ளைகள் ஏறுகிற வண்டி என்று எழுதினார். தாள் மெக்கானிக்கிடம் வந்தபோது மிச்சம் எதுவும் இல்லை. மூன்று பேரும் அவர் பேனாவையே பார்த்தார்கள். 'வீட்டில் டம்ளருக்கு வெளியே தண்ணீர் ஊற்றுகிறார்' என்று எழுதிக் கொடுத்தார்.

அதுவரை அது அக்கா சொல்லிச் சிரித்த சமாச்சாரம். மேனேஜர் அதைச் சத்தமாக வாசித்தார்.

"கூடப் பொறந்தவ வீட்டுச் சங்கதிய இங்க கொண்டாந்து கொட்டுறியே, நீயெல்லாம் மனுஷனா?" என்றார் கதவோரத்திலிருந்து கண்டக்டர்.

சுருக்கென்று தைத்தது. தான் செய்ததுதான் சரி என்று மெக்கானிக்குக்கு முதல் தடவையாகத் தோன்றியது அப்போதுதான். இரண்டாம் சுற்றில் ஒன்பது போட்டார். ஜன்னலோரம் அத்தனையும் ஒன்பது, கதவோரம் அத்தனையும் பூஜ்யம். இறக்க வேண்டும் என்று நாலு பேர், வேண்டாம் என்று மூன்று பேர். மேனேஜர் கையெழுத்துப் போட்டார்.

வெளியே மரத்தடி பெஞ்சில் டிரைவர் பிளாஸ்க்கோடு காத்திருந்தார்.

"முடிஞ்சுதா மாப்ள? மொதல்ல உக்காரு."

பிளாஸ்க் மூடியில் விளிம்புவரை டீயை ஊற்றினார். வெளியே ஒரு சொட்டு விழவில்லை. நேராக மெக்கானிக்கின் கையில் கொடுத்தார்.

"பாத்து, சுடும்."

டீ மெக்கானிக்கின் விரல்களில் தளும்பி வழிந்து, முழங்கைவரை ஓடிக்கொண்டிருந்தது.