மெலிசு வினைல்

நாற்பது வருஷமாக வீடுகளுக்குத் தரை போடுகிறேன். எங்கள் ஊரில் குளிருக்காகப் பாய்லர் வெந்நீர் தரைக்கடியில் குழாயில் ஓடும்; அதை மூடிய சிமெண்டின் மேல் வினைல் விரிப்புப் போடுவதுதான் தொழில். பூசான் துறைமுகத்தைப் பார்த்தபடி நிற்கும் யோங்டோ மேட்டில் நான் முட்டி போட்டுத் தவழாத வீடு குறைவு. என் பெயர் பியோன் தொக்சு. தரை என் வேலை, சுவருக்குக் காகிதம் ஒட்டுவது என் மனைவி மால்ஹியின் வேலை, நாள் முழுக்கச் சண்டை போடுவது இரண்டு பேருக்கும் பொது வேலை. ஆயிரம் குறை சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறேன். ஆனால் அளவு நாடாவை நான் ஒரு தடவைகூடத் தப்பாகப் படித்ததில்லை.

குளிர் தொடங்கிய வாரம் ஹேரிம் என்ற பெண் கடைக்கு வந்தாள். முப்பது வயசு இருக்கும்.

"மேஸ்திரி, இருக்கறதுலயே மெலிசான வினைல் எது?"

"ரெண்டு மில்லிகூட இல்லாதது ஒண்ணு இருக்கு. ஆனா வேணாம்மா. மேசைக்கால் பட்டாலே பள்ளம் விழும். இந்த நாலரை மில்லியத் தொட்டுப் பாரு, மெத்துமெத்துன்னு இருக்கும்."

"தடியா இருந்தா சூடு மேல வர நேரமாகும்ல? எங்க வீட்டுக்காரர் சூரை மீன் கப்பல்ல, ஐஸ் அறையில வேலை பாக்கறவரு. வீட்டுக்கு வந்து பத்து நாள் ஆனாலும் காலு ரெண்டும் சில்லுன்னே கிடக்கும். அவர் கால வச்ச உடனே சூடு தெரியணும்."

நிறமும் அவளே எடுத்தாள். யானைத்தந்த வெள்ளை. ஒரு சொட்டு சோயா சாறு விழுந்தாலும் ஊருக்கே காட்டிக்கொடுக்கிற நிறம் என்று சொல்லிப் பார்த்தேன். காட்டட்டுமே என்றாள். வாங்குகிறவள் பாடு என்று விட்டுவிட்டேன்.

கணவன் இன்சோல், கப்பலில் போயிருக்கும்போதே அவள் வாங்கிய வீடு அது. அவன் அதைப் பார்த்ததே இல்லை. நாங்கள் போன அன்று வீட்டில் இருந்தவை இரண்டே சாமான்கள். ஒன்று, குடிபோகும் வீட்டுக்கு எல்லோரும் முதலில் கொண்டுபோகிற சோற்றுக் குக்கர். இன்னொன்று, வாசலில் செருப்பு கழற்றும் இடத்தில் ஒரு ஜோடி புது ஆண் சப்பாத்து. "வந்து கதவத் திறந்ததும், அட, இது நம்ம வீடுதான்னு தெரியணும்ல" என்றாள்.

பழைய வினைல் சிமெண்டோடு பசை போட்டு ஒட்டிக் கிடந்தது. உரிக்க ஒரு முழு நாள் ஆகும். எனக்கோ முட்டி வலி. பழசின் மேலேயே புதுசை விரித்தேன்.

மால்ஹி சுவர் வேலையிலிருந்து எட்டிப் பார்த்தாள். "யோவ், உரிக்காம மேலயே போடறியே, வெக்கமா இல்ல?"

"முட்டி உனக்கா வலிக்குது? உன் காகிதத்தப் பாரு."

இணைப்பில் பசை விட்டு, ஓரம் முழுக்கச் சிலிக்கான் அடைத்து, எறும்பு நுழைய இடமில்லாமல் முடித்தேன். வழக்கமான பாடத்தையும் ஒப்பித்தேன்: துணியை நல்லாப் பிழிஞ்சு துடை, கனமான சாமான இழுக்காத, தூக்கி வை, ரெண்டு நாளைக்கு பாய்லர் சூட்டக் கூட்டவே கூட்டாத, கூட்டினா விரிப்பு சுருங்கி இணைப்பு வாயப் பொளந்துடும்.

"பழசெல்லாம் உரிச்சுட்டீங்கள்ல?" என்று கேட்டாள்.

"உரிக்காமப் போடுவேனா?" என்றேன். புளுகு.

ஒன்பதாம் நாள் காலை போன் வந்தது. "மேஸ்திரி, தரையில கறை தெரியுது."

இரண்டு விரிப்புக்கு நடுவே ஈரம் சிக்கியிருக்கும், என் குட்டு வெளிப்படப் போகிறது என்று நினைத்தேன். மால்ஹியிடம் மூச்சு விடாமல் தனியாகப் போனேன்.

ஹேரிமின் கண்கள் உள்ளே போயிருந்தன. பதினேழு நாளாகக் கணவனிடமிருந்து ஒரு சேதியும் இல்லையாம். "ரேடியோ கோளாறுங்கறாங்க கம்பெனியில. கேட்டதுக்கெல்லாம் அதே பதில்."

வாசலிலிருந்து பாய்லர் பக்கச் சுவர்வரை, வெள்ளைத் தரையில் பழுப்பாகத் திட்டுத்திட்டாக வரிசை போட்டிருந்தது. அழுத்தினால் உள்ளே நீர் நகர்ந்தது. பாய்லரில் வெந்நீர்க் குழாய்களை அடைத்து அழுத்தம் ஏற்றிப் பார்த்தேன். அரை மணி நேரம் அழுத்தமானியின் முள் அசையவில்லை. ஒழுக்கு இல்லை. வேறு வழியில்லாமல் கத்தியை எடுத்தேன்.

"அம்மா, ஒண்ணு சொல்லணும். பழச நான் உரிக்கல."

"தெரியும்" என்றாள். "வெட்டுங்க."

புது விரிப்பைத் தூக்கினேன். அடியில், பழைய விரிப்பின் மேல், தண்ணீர் நின்ற இடமெல்லாம் பாதங்கள். வெறுங்கால் பாதங்கள், ஐந்து விரலும் தெளிவாக. வாசலில் சப்பாத்து இருக்கும் இடத்தில் தொடங்கி, அறையில் எப்போதும் சூடான மூலைவரை போயிருந்தன. வெளியே போனவன் வந்து சாப்பிட நாங்கள் சோற்றுக் கிண்ணத்தை மூடிக் கம்பளிக்குள் வைக்கிற மூலை அது. அங்கே இரண்டு பாதமும் பக்கத்தில் பக்கத்தில் நின்றிருந்தன. திரும்பிப் போன தடம் இல்லை.

நான் நாலு பக்கமும் அடைத்த விரிப்பு. விரலால் அந்தத் தண்ணீரைத் தொட்டு நாக்கில் வைத்தேன். கரித்தது. கடல் தண்ணீர்.

ஹேரிம் சுவரோடு ஒட்டி நின்றாள். "அளந்து சொல்லுங்க மேஸ்திரி. அவர் சப்பாத்து அளவு இருநூத்தி எம்பது மில்லி."

குனிந்து நாடாவைப் பிடித்தேன். குதிகாலிலிருந்து கட்டைவிரல் நுனிவரை. எனக்குப் பயமாக இருந்தது, மறைப்பானேன். இன்னொரு தடத்தையும் அளந்தேன்.

"இருநூத்தி அம்பத்தஞ்சு" என்றேன். "உன் வீட்டுக்காரர் இல்லம்மா. வேற எவனோ."

அவள் முகத்தை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு அடுக்களைக்குள் போனாள். அரிசி களையும் சத்தம் கேட்டது.

அன்றைக்குத்தான் ஒழுங்காக வேலை செய்தேன். பழசைச் சிமெண்டுவரை சுரண்டி எடுத்தேன், விசிறி வைத்துக் காய வைத்தேன், வண்டியில் இருந்த மீதிச் சுருளை விரித்தேன். முடிக்க இரவாகிவிட்டது. வெட்டியெடுத்த வெள்ளை விரிப்பை வெளியே கொண்டுபோகச் சுருட்டும்போதுதான் கண்ணில் பட்டது. ஒரு கறையின் இரண்டு முனையிலும் பேனாவால் மெல்லிய கோடு. நடுவில் பொடி எழுத்தில்: 280.

என் நாடா காட்டியதும் அதே எண்தான். நான் வருவதற்கு முன்பே அளந்திருக்கிறாள்.

தலை நிமிர்ந்தேன். அவள் மூடி போட்ட சோற்றுக் கிண்ணத்தோடு நின்றுகொண்டிருந்தாள்.

"நீங்க சொன்னது காதுக்கு நல்லா இருந்துச்சு மேஸ்திரி" என்றாள். "அரிசி களையற நேரம் அதையே நம்பிட்டிருந்தேன்."

பாவி, எனக்கு அழுகைதான் வந்தது.

கிண்ணத்தைக் கம்பளியில் பொதிந்து சூடான மூலையில் வைத்தாள். "போறப்ப சூட்டக் கூட்டி வச்சிட்டுப் போங்க. அவர் கால் சில்லுன்னு இருக்கும்."

புது விரிப்புக்குச் சூட்டைக் கூட்டியவர்களை நான் தெருவில் நிறுத்தி வைத்துத் திட்டியிருக்கிறேன். பாய்லர் குமிழைக் கடைசிவரை திருகினேன்.

பிறகு அந்த மூலையில் முட்டி போட்டுக் கையை வைத்தேன். மெலிசு வினைல் அல்லவா, கொஞ்ச நேரத்தில் சுற்றிலும் சூடு ஏறிவிட்டது. கிண்ணத்துக்கு முன்னால் இரண்டு பாதம் அகலத்துக்கு மட்டும் ஐஸாகக் கிடந்தது. அது சூடாகும்வரை நான் கையை எடுக்கவில்லை.