குத்தகைக்குப் போன யூனிட்

கோயம்புத்தூரில் நாலைந்து வருடம் கம்ப்யூட்டரில் தகவல் அலசும் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பிய இசைவாணியைச் சிவகாசியில் வேலைக்கு எடுத்துக்கொண்டவர் சீனிவாசகம். அவருடைய பட்டாசுக் கம்பெனிக்கு விஸ்வநத்தம், திருத்தங்கல், ஏழாயிரம்பண்ணை என்று மூன்று இடங்களில் யூனிட் இருந்தது. இசைவாணியின் அம்மா சின்னத்தாய் விஸ்வநத்தத்திலும், சித்தி பேச்சியம்மாள் ஏழாயிரம்பண்ணையிலும் கல்யாணத்துக்கு முன்பிருந்தே வேலை பார்க்கிறவர்கள். அந்தக் கம்பெனியின் ஏசி அறையில் தங்கள் வீட்டுப் பெண் உட்காரப் போகிறாள் என்பதில் சித்திக்கு இருந்த பெருமை அம்மாவுக்குக்கூட இல்லை.

இந்த ஏற்பாட்டுக்குக் காரணம் முதலாளியின் மகள் ரோஷினி. அப்பா மனக்கணக்கிலும் புரோக்கர்கள் பேச்சிலும் கம்பெனி நடத்துவது அவளுக்குப் பிடிக்கவில்லை. முந்தின சீசனில் யாரும் கேட்காத சக்கரத்தை மலையாகக் குவித்துவிட்டு, ஆந்திராக்காரர்கள் கேட்ட ஃபேன்சி ரகத்துக்குக் கையை விரித்திருந்தார்கள். இசைவாணி பழைய பில்களை எல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றினாள். எந்த ஊர் ஏஜென்ட் எப்போது என்ன ஆர்டர் கொடுக்கிறார், எங்கே பட்டாசுக்குத் தடை, எங்கே மழை, எந்தச் சரக்கு திரும்பி வருகிறது என்பதெல்லாம் சுவரில் மாட்டிய பெரிய திரையில் படம் படமாக வந்தது. சீனிவாசகம் முதலில் சிரித்தார். அந்தத் தீபாவளிக்குக் குடோன் காலியானதும், காலையில் சாமி கும்பிட்ட கையோடு திரைக்கு முன்னால் வந்து உட்கார ஆரம்பித்தார்.

அடுத்து எதை இப்படிப் பார்க்கலாம் என்று அவர் கேட்டபோது இசைவாணி விபத்தைச் சொன்னாள். பெரிய வெடிப்பு ஒன்று நடப்பதற்கு முன்னால் சின்னச் சின்னதாய் எத்தனையோ நடக்கும். வெடிமருந்து புகையும். பொறி தட்டி, பிடிக்காமல் அணையும். அதை எல்லாம் சேர்த்துப் பார்த்தால் எந்த அறையில், எந்த நேரத்தில் ஆபத்து கூடுகிறது என்று முன்கூட்டியே தெரிந்துவிடும். சீனிவாசகம் மறுபேச்சில்லாமல் சம்மதித்தார்.

ஆனால் யூனிட்டுகளில் யாரும் வாயைத் திறக்கவில்லை. புகைந்தது என்று சொன்னவளைக் கவனமில்லாதவள் என்று போர்மேன் வெளியே அனுப்பிவிடுவார் என்ற பயம். ஏழாயிரம்பண்ணையில் வெடிமருந்தை மணி மணியாக உருட்டும் பேச்சியம்மாள்தான் சாப்பாட்டு நேரத்தில் பெண்களைக் கூட்டி உட்காரவைத்தாள்.

"இது நம்ம வீட்டுப் பிள்ள. நம்ம உசுருக்காகத்தான் கேக்குது. ஒளிக்காமச் சொல்லுங்க."

அதற்குப் பிறகு சொன்னார்கள். ஒருத்தி சேலை முந்தியில் விழுந்திருந்த ஓட்டையைக் காட்டினாள். இன்னொருத்தி, பக்கத்து அறையில் புகைந்ததைப் பார்த்து ஓடியவள், போர்மேனுக்குப் பயந்து திரும்ப வந்து உட்கார்ந்ததைச் சொன்னாள். இசைவாணி வாரா வாரம் போய், முந்தின வருடங்களில் நடந்ததையும் சேர்த்துக் கேட்டுவந்தாள். போகும்போதெல்லாம் யாராவது ஒருத்தி அவளுக்கென்று ஒரு கை சோறு எடுத்துவைத்திருப்பாள்.

சில மாதங்களில் திரையில் விஷயம் தெளிவாகிவிட்டது. ஏழாயிரம்பண்ணை யூனிட்தான் மோசம். கோடையில், மதியத்துக்கு மேல், அவசர ஆர்டர் ஓடும் வாரங்களில், மருந்து அறைகளில். கோடை முடியும்வரை அங்கே மதியத்துக்கு மேல் மருந்து வேலையை நிறுத்த வேண்டும், அறைக்கு ஆளைக் குறைக்க வேண்டும் என்று இசைவாணி சொன்னாள்.

சீனிவாசகம் நெடுநேரம் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நல்ல கேள்விகள் கேட்டார். பிறகு ரோஷினி, இன்னொரு படமும் வேண்டும் என்றாள். அந்த யூனிட்டை இசைவாணி சொன்னபடி மாற்றி நடத்தினால் கம்பெனிக்கு என்ன ஆகும், மூடினால் என்ன ஆகும், வேறொருவரிடம் விட்டுவிட்டால் என்ன ஆகும். இசைவாணிக்கு அது சும்மா ஒப்பிட்டுப் பார்ப்பதற்குத்தான் என்று தோன்றியது. போட்டுக் கொடுத்தாள். மூன்றாவதன் லாபக்கோடுதான் எல்லாவற்றையும்விட உயரமாக நின்றது.

அடுத்த மாதமே அந்த யூனிட்டின் உரிமம் மொக்கைச்சாமி என்கிற காண்ட்ராக்டர் பேருக்கு மாறியது. இடம் சீனிவாசகத்துடையது, செய்கிற சரக்கும் அவருக்கே வரும், ஆனால் காகிதத்தில் அவர் இடத்தைக் குத்தகைக்கு விட்டவர் மட்டும்தான். விஷயம் தெரிந்ததும் இசைவாணி அவர் அறைக்குப் போனாள். அவர் அவளை உட்காரச் சொன்னார். கோபப்படவில்லை.

"ஒரு யூனிட்ல வெடிச்சா மூணுக்கும் பூட்டு போட்டுருவாக. அம்புட்டுக் குடும்பமும் தெருவுல நிக்கும், உங்க அம்மாவும் சேத்து. நீ காட்டாட்டி எனக்கு இது தெரிஞ்சிருக்காதும்மா."

மொக்கைச்சாமி மருந்து வேலையை நிறுத்தவில்லை. அறைக்குள் இடம் போதாமல் வேப்பமரத்தடியிலும் ஆளை உட்காரவைத்தான். ஏழாயிரம்பண்ணையில் வேறு வேலை கிடையாது. பெண்கள் அங்கேயே போனார்கள். பேச்சியம்மாளும் போனாள். இசைவாணி தடுத்துப் பார்த்தாள். வீட்டில் உட்கார்ந்தால் உலை யார் வைப்பது என்று சித்தி கேட்டாள்.

வைகாசியில் ஒரு மதியம் அங்கே வெடித்தது. சத்தம் சாத்தூர் ரோடுவரை கேட்டதாகச் சொன்னார்கள். மூன்று பெண்கள் அந்த இடத்திலேயே போய்விட்டார்கள். அதில் ஒருத்தி, முந்தியின் ஓட்டையைக் காட்டியவள். பேச்சியம்மாளுக்கு இரண்டு கையும் கழுத்தும் வெந்துவிட்டன.

மறுநாள் ஆபீசில் சீனிவாசகம் எல்லோரையும் கூப்பிட்டார். கண் கலங்கித்தான் பேசினார். இறந்தவர்களுக்காக நின்று அஞ்சலி செலுத்தினார்கள். பிறகு, சரியான நேரத்தில் சரியான முடிவெடுக்க உதவியதாக இசைவாணியைப் பேர் சொல்லிப் பாராட்டினார். கம்பெனி ஒரு கண்டத்திலிருந்து தப்பியது என்றார். பக்கத்திலிருந்த யாரோ கைதட்ட ஆரம்பித்து, இடம் தெரிந்து நிறுத்திக்கொண்டார்கள்.

ஆஸ்பத்திரியில் பேச்சியம்மாள் கொசுவலைக்குள் படுத்திருந்தாள். முகம் வீங்கியிருந்தாலும் நினைவு நன்றாக இருந்தது. இசைவாணி பக்கத்தில் உட்கார்ந்ததும் மெதுவாகக் கேட்டாள்.

"நாங்க சொன்னத எல்லாம் மொதலாளிகிட்டக் காட்டுனியாத்தா?"

"காட்டினேன் சித்தி."

"பாத்தாகளா?"

"பாத்தாங்க. பாத்துட்டுத்தான் யூனிட்டக் குத்தகைக்கு விட்டாங்க."



"நாந்தான எல்லாரையும் சொல்ல வச்சேன்" என்றாள் பேச்சியம்மாள்.

அப்புறம் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். இசைவாணி கூப்பிட்டுப் பார்த்தாள். அவள் திரும்பவில்லை. அன்றைக்கு மட்டுமில்லை, ஆஸ்பத்திரியில் இருந்த நாள் எல்லாம் அவள் இசைவாணியிடம் தண்ணீர்கூடக் கேட்கவில்லை.

விசாரணைக்கு வந்த அதிகாரியிடம் இசைவாணி எல்லாப் படத்தையும் எடுத்துக்கொண்டு போனாள். அவர் பொறுமையாகப் பார்த்தார். வேலை நன்றாகச் செய்திருப்பதாகச் சொன்னார். ஆனால் இதெல்லாம் கம்பெனி நடத்திய காலத்துத் தகவல், வெடித்தபோது உரிமம் மொக்கைச்சாமி பேரில் இருந்தது, அவன் உள்ளே இருக்கிறான், வழக்கு அவன்மேல்தான் என்றார். அவள் வற்புறுத்தியபோது, வேண்டுமானால் மனுவாக எழுதிக் கொடுங்கள் என்று எழுந்துகொண்டார். எழுதிக் கொடுத்தாள். அதற்குப் பதில் வரவில்லை.

வேலையை விடுவதாக அவள் சொன்னபோது ரோஷினி உண்மையாகவே வருந்தினாள். இசைவாணியின் இடத்துக்கு மதுரையிலிருந்து தருண்குமார் என்று ஒருவனை எடுத்தார்கள். கெட்டவன் இல்லை. இசைவாணி எழுதிவைத்திருந்த முறைப்படியே விஸ்வநத்தம் யூனிட்டுக்குப் போய், சாப்பாட்டு நேரத்தில் பெண்களோடு உட்கார்ந்து, ஏதாவது புகைந்ததா, பொறி தட்டியதா என்று மரியாதையாகக் கேட்டானாம்.

சாயங்காலம் வேலை விட்டு வந்த சின்னத்தாய் இதைச் சொன்னாள். கைகால் கழுவிக்கொண்டு உட்கார்ந்தவளின் புறங்கையில் தோல் வெந்து சிவந்து வழன்றிருந்தது. எப்போது நடந்தது என்று இசைவாணி கேட்டாள். காலையில்தான், அந்தப் பையன் வருவதற்குக் கொஞ்சம் முன்னால் என்றாள் அம்மா.

"அவங்கிட்டச் சொன்னியா?"

"ஒண்ணும் நடக்கலன்னு சொன்னேன். எல்லாரும் அப்பிடித்தான் சொன்னோம்."

அடுப்படியில் போய்த் தேங்காய் எண்ணெயை எடுத்து வந்து, கையில் தானே தடவிக்கொண்டாள்.