சிஃபா இறங்கி வந்த வாரம்

ஜோஹனஸ்பர்க் நகரின் யோவில் பகுதித் தேவாலயக் கூடத்தில் மாபெந்தோ வரைந்த ஏரி, ஓவிய வகுப்பின் இரண்டாம் வாரமே தாளிலிருந்து தரைக்கு ஒழுகியது. யாரும் பதறவில்லை. சோமாலியாக்காரிகளின் படங்களிலிருந்து மணல் உதிர்வதில்லையா, அதுபோலத்தான் இதுவும் என்று சொல்லி, ஒருத்தி துணி கொண்டுவந்து துடைத்தாள்.

வகுப்பை நடத்தியவள் சோட்வா. ஊரைவிட்டு ஓடிவந்த பெண்கள் வாய்விட்டுச் சொல்ல முடியாததை வரைந்தால் மனம் ஆறும், தாங்கள் யார் என்பதும் மறக்காது என்பாள். அது பொய்யில்லை. காங்கோவின் புக்காவுவிலிருந்து வந்த நாள் முதல் சரியாக உறங்காத மாபெந்தோ, தன் ஊர் ஏரியை வரைந்தபின் உறங்கினாள். தன் மொழியில் சண்டைகூடப் போட்டாள். ஒரு மழைக்காலம் முழுக்க ஏரியையே வரைந்தவள், கடைசியில் கரையில் ஒரு பெண்ணை நிறுத்தினாள்.

"இவ என் தங்கச்சி சிஃபா. துப்பாக்கிச் சத்தம் கேட்டதும் படகைத் தள்ளச் சொன்னது நான்தான். அவ கூப்பிட்டுட்டே நின்னா."

சோட்வா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "இந்தச் சுவரைத் தாண்டாது அக்கா. என் பிள்ளைமேல சத்தியம்."

குளிர்காலத்தில் ஒருநாள் மாபெந்தோ மினிபஸ்ஸில் போகையில், ஓர் ஓவியக்கூடத்தின் முகப்பில் அவள் வரைந்த சிஃபா பதாகையாக நான்கு மாடி உயரத்துக்குத் தொங்கினாள். கீழே, 'அக்கா விட்டுவிட்டு வந்த தங்கை' என்று எழுதியிருந்தது. மாபெந்தோ வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கினாள். உள்ளே ஒயின் கோப்பையோடு நின்றவர்களில் ஒருத்தி, சுவரில் மாட்டியிருந்த அசல் படத்தின் முன்னால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

சோட்வா ஓடிவந்தாள். "நல்லதுக்குத்தான் அக்கா பண்ணேன். உங்க வலி உலகத்துக்குத் தெரியணும்ல?"

"உலகத்துக்கா சொன்னேன்? உன்கிட்டதானடி சொன்னேன்!"

அதற்குள் சிஃபா படச் சட்டத்தைத் தாண்டித் தரையில் கால் வைத்தாள். விட்டுவந்தபோது இருந்த அதே வயது. உடுத்தியிருந்த துணியின் ஓரம் நனைந்திருந்தது. நிகழ்ச்சியில் இதுவும் சேர்த்தி என்று நினைத்துக் கூட்டம் கைதட்டியது. மாபெந்தோ அவளை வெளியே கூட்டிப்போய் வண்டி ஏற்றினாள். உட்கார்ந்ததும் சிஃபா சொன்னாள்.

"படகுல இடம் இருந்துச்சு அக்கா."

"இருந்துச்சு," என்றாள் மாபெந்தோ.

அதன்பிறகு சோட்வா பலமுறை வந்து கதவைத் தட்டினாள். மாபெந்தோ திறக்கவில்லை. மற்ற பெண்களும் கூடத்துக்குப் போவதை நிறுத்திவிட்டார்கள். வெறும் கரை மட்டும் மிஞ்சிய படத்தை யாரோ வாங்கிப்போனதாகக் கேள்வி. சிஃபா இப்போது ராக்கி தெருவில் மந்தாஸிப் பணியாரம் சுட்டு விற்கிறாள். எண்ணெய் அதிகம் என்று குறை சொல்பவர்கள் உண்டு. அக்காளும் தங்கையும் ஒரே தட்டில்தான் சாப்பிடுகிறார்கள். பேசிக்கொள்வதில்லை.